டெரிக் விட்டுப்போன கார்

டெரிக் வீட்டை விட்டுப் போனபோது இரண்டு பெட்டிகளும் மழைக்கோட்டும் மட்டும்தான் எடுத்துக்கொண்டான். காரை எடுத்துப்போகும் நிலை இல்லை. அது கராஜில் நான்கு மரக்கட்டைகளின் மேல் வெறும் இரும்புச் சட்டமாக நின்றது. உள்ளே பழைய ஃபோர்டிலிருந்து கழற்றிய எஞ்சின் தொங்கியது. பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்த மற்ற பாகங்கள் சுவரோரம் காகிதம் பிரிக்காமல் கிடந்தன. பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகை; கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரும் கார். மூன்று வருடமாக அவன் வார விடுமுறைகளை அதுதான் தின்றது.

"உனக்கு வேண்டாம்னா யாருக்காவது குடுத்துடு ஏவ்," என்றான் வாசலில், மனைவி ஏவ்ரிலிடம். பதிமூன்று மைல் தள்ளி ஹார்ன்காசிலில் ஜேனிஸ் என்பவளின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே கராஜ் கிடையாது.

ஏவ்ரிலுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. லௌத் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் டெரிக் தாராளமாகப் பேசிய இடம் அந்தக் கராஜ் ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதோடு நிறுத்திக்கொள்பவன், அங்கே காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னென்னவோ சொல்லுவான். அவன் அம்மாவைப் பற்றி, கடற்படையில் சேர ஆசைப்பட்டதைப் பற்றி. அவள் தேநீர்க் கோப்பையோடு நின்று, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள்.

அவன் போன ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை, சும்மா உட்கார்ந்திருக்கத்தான் கராஜுக்குள் போனாள். செய்முறைப் புத்தகம் பெஞ்சின் மேல் கிடந்தது. தட்டச்சு செய்து நகலெடுத்த தாள்கள். ஓரமெல்லாம் டெரிக்கின் பென்சில் குறிப்புகள். 'இவர்கள் சொல்வதை நம்பாதே, அளந்து பார்.' 'இதைக் கடைசியில் மாட்டு.' புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். எஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் ஒரு போல்ட். அதற்கு நேராக எழுதியிருந்தான்: 'ஏவ்ரில் கைதான் இதற்குச் சரி. அவளைக் கேள்.'

அவன் கேட்கவே இல்லை. வேலை அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் வீட்டை விட்டே போய்விட்டான். அவள் அந்த போல்ட்டைத் தேடி எடுத்து, கையை உள்ளே விட்டு, தொட்டுத் தடவித் துளையைக் கண்டுபிடித்து முடுக்கினாள். புறங்கையெல்லாம் உரிந்துபோயிற்று.

அப்படி ஆரம்பித்தது இரண்டரை வருடம் ஓடியது. அலுமினியத் தகடுகளை வெட்டுவதற்கு முன், கவுன் தைப்பதுபோல் காகிதத்தில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்தாள். வயரிங்கை மூன்று தடவை பிரித்து மாட்டினாள். முதல் தடவை இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டு விக், லாரி ஓட்டுபவர், வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏம்மா, உன் விமானம் எப்பக் கிளம்புது?" என்று வாராவாரம் கேட்பார். ஆனால் பளு தூக்க வேண்டிய நாளில் கூப்பிடாமலே வந்து நிற்பார்.

பிரேக்குக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். விக்கைக் கூப்பிட்டால் போதும். ஆனால் அவள் ஹார்ன்காசிலுக்கு, டெரிக்குக்கு போன் செய்தாள். பிரேக்கில் ஒரு சந்தேகம் என்றாள். டெரிக் மதியமே வந்துவிட்டான்.

கராஜ் கதவில் நின்று ரொம்ப நேரம் பார்த்தான். பச்சை வண்ணம் பூசி, விளக்குகள் வைத்து, அது முழுக் காராக நின்றது. சுற்றி வந்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஓட்டுநர் இருக்கைக்குள் இறங்கி உட்கார்ந்தான்.

"என்ன ஏவ் இது? முழங்கால் தாடையில இடிக்குது."

"பெடலை நாலு அங்குலம் கிட்ட நகர்த்தியிருக்கேன். என் காலுக்கு எட்டணும்ல."

அவன் ஏறிட்டுப் பார்த்தான். இந்தக் காரை அவள் ஓட்டுவாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்ததுபோல் இருந்தது.

அவள் சக்கரத்தடியில் படுத்தாள். திருகில் மாட்டிய குழாயின் மறுமுனை கண்ணாடிச் சாடிக்குள் இருந்தது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விட்டுடாத."

"விடல."

குமிழிகள் வந்தன. திருகை மூடினாள். "இப்ப விடு."

ஒரு மணி நேரம் இதே பேச்சு. இடையிடையே அவன் வேறு ஏதேதோ சொன்னான். ஜேனிஸின் தோட்டத்தில் நத்தைத் தொல்லை என்றான், முட்டி வலிக்கிறது என்றான். தரையில் கிடந்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது சக்கரத்தில் குமிழி வருவது நின்றுவிட்டது. இருந்தும், இன்னொரு தடவை என்றாள். அதற்கப்புறமும் ஒரு தடவை.

கிளம்பும்போது டெரிக் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினான். "நல்லா செஞ்சிருக்க," என்றான். அவளைத் தொடவில்லை.

ஏப்ரல் கடைசியில் கார் சோதனையில் தேறி, நம்பர் பலகையும் வந்தது. மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை ஏவ்ரில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, குன்றுகள் ஏறி இறங்கி, நேராக ஹார்ன்காசிலுக்கு ஓட்டினாள். இரண்டரை வருடமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வழி. அவன் வாசலுக்கு வருவான், வாய் பிளப்பான், பக்கத்தில் ஏறி உட்காருவான். அதற்கு அப்புறம் என்ன என்பதை மட்டும் அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

வாசலுக்கு வந்தது ஜேனிஸ். கையில் தோட்டத்து மண். டெரிக் மீன்பிடிக்கப் போயிருப்பதாகச் சொன்னாள். இருவரும் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

"ஏறுறீங்களா?" என்று கேட்டுவிட்டாள் ஏவ்ரில். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஜேனிஸ் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஏறினாள். ஊர் எல்லை தாண்டி வேகம் பிடித்ததும் கூந்தல் கலைந்து, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். திரும்பி வந்து நிறுத்தியபின் உடனே இறங்கவில்லை.

"இந்தக் காரைப் பத்தி அவரு பேசாத நாளில்ல," என்றாள். "அவ்வளவு ஆசையிருந்தா இங்க ஒண்ணு கட்ட வேண்டியதுதானேன்னு கேட்டேன். கூட ஒரு ஆள் வேணும்னாரு. நான் இல்லையான்னேன். தூண்டிலை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

ஏவ்ரில் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டெரிக் போன் செய்தான். மூன்றாவது கியரில் சத்தம் வருகிறதா, வளைவில் பின்பக்கம் இழுக்கிறதா, மேட்டில் எஞ்சின் சூடாகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் நிதானமாக, நீட்டி நீட்டிப் பதில் சொன்னாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தான்.

அவள் காத்திருந்தாள்.

"ஆயிலை மாத்திடு. புதுசா பூட்டின வண்டி, முதல் ஐந்நூறு மைல்ல மாத்தணும்."

"மாத்திடுறேன்," என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் எதிர்த்திசையில் கடலுக்குப் போனாள். சாண்ட்விச் பை பறந்துவிடாமலிருக்க இடது இருக்கையில் வைத்து பெல்ட்டைப் போட்டிருந்தாள். கார் அருமையாக ஓடியது. ஒவ்வொரு வளைவு தாண்டியதும் அவளையறியாமல் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூரையில்லாத வண்டி, அந்தக் காற்றில் பக்கத்தில் ஆள் இருந்தாலும் கேட்டிருக்காது. இருந்தும், கடல் தெரியும்வரை சொல்லிக்கொண்டேதான் போனாள்.