அரைக் கிலோ

குனிந்து நிற்கிறான் தொம்மை, உப்பளத்து வரப்போரம் ஒற்றை உடைமரத்தின் கீழே, மஞ்சள் மழைக்கோட்டுக்குள் உடம்பு வெந்துகொண்டிருக்க, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, காலையில் குடித்த ஒரு வாய் கடுங்காப்பியையும் கக்கிக்கொண்டிருக்கிறான், நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சிரிக்கிறேன், ஆமாம், சிரித்தேன், அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது, எடுலே எடு, நல்லதுதாம்ல, அரைக் கிலோ போச்சுன்னு வச்சுக்கோ என்றேன், அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, எண்ணே, தலை ரெண்டாப் பொளக்குது என்றான், தண்ணி குடிக்காம வெயில்ல ஓடுனா பொளக்காம என்ன செய்யும், எனக்கும் பொளந்துச்சு, செத்தா போயிட்டேன் என்றேன். சித்திரை வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிற பைத்தியங்களை உப்பு வாருகிற பெண்கள் நின்று பார்த்தார்கள், ஒருத்தி, என்னய்யா மழ வரப்போவுதா என்று கேலி செய்தாள், தொம்மைதான் பதில் சொன்னான், சனிக்கிழமை வரும்க்கா, குடை எடுத்து வச்சுக்கோங்க என்று, அப்படித்தான் அவன், தலை பொளந்தாலும் வாய் சும்மா இருக்காது. சனிக்கிழமை மண்டலக் குத்துச்சண்டை, அறுபது கிலோப் பிரிவில் அவன் இறங்க வேண்டும், செவ்வாய்க்கிழமையோ அறுபத்திரண்டு காட்டுகிறது, ஒரு வேளைக் கஞ்சி, புளியங்கொட்டையை வாயில் அடக்கி எச்சில் ஊற ஊற டப்பாவில் துப்புவது, மழைக்கோட்டு ஓட்டம், பிறகு உப்பு மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்ப்பது, இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன காரியங்கள். அன்றைக்கு ஏறி நின்றான், அறுபத்தொன்றரை, பாத்தியாலே நான் சொல்லல என்றேன், எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

திங்கட்கிழமையை நான் நினைக்கமாட்டேன் என்று எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் பல் தேய்க்கும்போது வருகிறது, துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும்போது வருகிறது, திங்கட்கிழமை பயிற்சியில் அவனுக்கு எதிரே நின்றது நான், அவனுக்கு இருபத்தாறு வயது, எனக்கு நாற்பத்தொன்று, வயசாகிவிட்டது என்று எவனும் சொல்லிவிடக்கூடாது என்கிற வீம்பு எனக்கு, அவன் இடது கையைக் கொஞ்சம் இறக்கினான், என் வலது கை போய்விட்டது, நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது என்று சொல்லத்தான் ஆசை, அனுப்பினேன், முழுசாக அனுப்பினேன், நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது, தொம்மை வேரோடு சாய்ந்தான். எங்கள் விடிவெள்ளிக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு, பயிற்சியில் எவனாவது விழுந்தால் மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவோம், எழுந்திருக்கும்வரை தட்டுவோம், எழுந்துவிட்டால் அவன் விழவே இல்லை என்று அர்த்தம், யார் விழுந்தது, யார் விழுத்தாட்டியது என்று வெளியே மூச்சுவிடமாட்டோம், அது எங்கள் மரியாதை. அன்றைக்குக் கொஞ்சம் நிறையவே தட்ட வேண்டியிருந்தது. எழுந்தவன், இன்னைக்கு என்ன கிழமைண்ணே என்று கேட்டான், திங்கள் என்றேன், கையுறையைக் கழற்றும்போது மறுபடியும் கேட்டான், சைக்கிளை எடுக்கும்போது மறுபடியும் கேட்டான், ஞாயிறுலே, பூசைக்கு நேரமாச்சு ஓடு என்றேன், எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். நினைவு தப்பி விழுந்தவன் ஒரு மாதம் மேடை ஏறக்கூடாது என்று விதி இருக்கிறது, எனக்குத் தெரியும், கழகச் செயலாளர் கஸ்பார் அண்ணனுக்கும் தெரியும், பீடிக்கட்டில் போட்டிருக்கிற மண்டையோட்டுப் படம் பீடி குடிக்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி தெரியும். மறுநாள் வாந்தி எடுத்தபோது அது எந்த வாந்தி, அந்தத் தலைவலி எந்தத் தலைவலி என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, எடை குறைக்கிற வாரத்தில் எல்லாருக்கும் தலை வலிக்கும், எல்லாரும் கக்குவோம், பாவி, எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலை எடை சரியாக அறுபது, மருத்துவர் கண்ணில் விளக்கடித்துத் தலைவலி உண்டா என்று கேட்டார், இல்ல சார் என்று எல்லாரும் சொல்கிறதைத்தான் அவனும் சொன்னான், சாயங்காலம் மதுரைக்காரன் ஒருத்தனோடு மூன்று சுற்று, ஜெயித்தான், தொம்மை ஜெயித்தான், அதுதான் கொடுமை, நடுவர் அவன் கையைத் தூக்கினார், இறங்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான், எண்ணே, ரீத்தாவுக்குப் போன் போடுங்க, இனிமே சோறு போடச் சொல்லுங்க என்றான், என் தோளில் தலையைச் சாய்த்தான், களைப்பில் தூங்குகிறான் என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அவன் தூக்கம் கலைந்துவிடுமே என்று என் மேல் மொய்த்த ஈயைக்கூட விரட்டாமல் உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் எத்தனை மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தான், கண் திறக்கவில்லை. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தக்கட்டு ஒண்ணு பழசு மாதிரி தெரியுது, போட்டிக்கு முன்னால தலையில அடி பட்டுச்சா என்று கேட்டார், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி ரீத்தா ஜெபமாலையோடு நின்றாள், இல்லீங்க என்றேன், கைதட்டி எழுப்பிவிட்டவன் விழவே இல்லை அல்லவா, இல்லீங்க என்றே சொன்னேன். பேப்பரில் மதுரைக்காரன் படத்தைப் போட்டு, இவர் குத்தியதில் பலியானார் என்று எழுதினார்கள், அவன் தொம்மையின் அடக்கத்துக்கு வந்து கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான், அதற்கப்புறம் கையுறையைத் தொடவில்லையாம்.

இன்றைக்குப் பதினொரு மணிக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை, ரீத்தா மனு போட்டிருக்கிறாள், இந்த மாவட்டத்தில் குத்துச்சண்டையே கூடாது, அடியோடு தடை செய்ய வேண்டும் என்று, நான் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறேன், ஜன்னலோரம் தொம்மை உட்கார்ந்திருக்கிறான், கொஞ்சம் தள்ளி உக்காருலே என்கிறேன், யாரோ ஒரு பெரியவர் திரும்பிப் பார்க்கிறார், தொம்மை இல்லை, இருந்தான், இப்போது இல்லை. கஸ்பார் அண்ணன் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார், ஏய், நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு, கடலுக்குப் போறவனும் சாவுறான், அதுக்குன்னு கடலைப் பூட்டிப்புடுவாங்களா, தடை போட்டா பயலுக உப்பளத்துக்குப் பின்னால டாக்டர் இல்லாம குத்திக்குவானுவ, அப்ப இன்னும் நாலு பேரு சாவான், இதச் சொல்லு போதும். சரியாகத்தான் இருக்கிறது, நானே என்ன, சாராயக்கடை வாசலில் கிடந்திருக்க வேண்டியவன், இந்தக் கையுறைதான் எனக்கு வேலையும் பெண்டாட்டியும் வாங்கிக் கொடுத்தது, அதைத் தடை செய் என்று எந்த வாயால் சொல்வது. ஆனால் கையுறை வாங்கிக் கொடுத்ததை எல்லாம் தொம்மையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கனம், ஏலே நீயே சொல்லு என்கிறேன், என்ன கிழமைண்ணே என்கிறான், அதைத்தான் எப்போதும் கேட்கிறான், கனவிலும் அதையேதான் கேட்கிறான்.

கோட்டாட்சியர் நல்ல மனுசர், உட்காருங்க என்றார், நான் நின்றேன், கஸ்பார் அண்ணன் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன், கடலுக்குப் போறவனும் சாவுறான் என்று ஆரம்பித்ததுமே ரீத்தா எழுந்துவிட்டாள், எண்ணே, கடல் சோறு போடுது, அது ஒருத்தன அடிக்கணும்னு நெனச்சு அடிக்கல என்றாள், அம்மா நீங்க உட்காருங்க, உங்க முறை வரும் என்றார் கோட்டாட்சியர், அவள் உட்காரவில்லை. சார், தடையெல்லாம் நீங்க பாத்துக்கோங்க, நான் இவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன், எண்ணே, வெள்ளிக்கெழம சாயங்காலம் அவரு ஒரு வாய்த் தண்ணி கேட்டாரு, கெஞ்சிக் கேட்டாரு, நான் கேட்டாலும் குடுக்காத, சத்தியம் பண்ணுன்னு அவரே முன்னாடி சொல்லியிருந்தாரு, நான் கொடத்த உள்ள வச்சுக் கதவப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன், ஒடம்புல தண்ணி வத்திப்போனவனுக்குச் சின்ன அடியும் பெரிசாயிரும்னு அப்புறம் பேப்பர்ல போட்டிருந்தான், நீங்க கூடவே இருந்தீங்க, உங்களுக்குத் தெரியும், நான் தண்ணி குடுக்காததுனாலதான் செத்தாரா, சொல்லுங்கண்ணே. அவள் குரல் உயரவே இல்லை. முன்னதாகவே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கஸ்பார் அண்ணன் செருமினார், அவள் தடையெல்லாம் கேட்டது இதற்குத்தானா, பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் இத்தனை நாளும் நின்றுகொண்டிருக்கிறாளா, தாயே.

தண்ணி இல்லம்மா, என் கை என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை, திங்கட்கிழமை என்றேன், நெற்றிப்பொட்டு என்றேன், கைதட்டினோம் என்றேன், மூன்று தடவை கிழமை கேட்டான், நாங்கள் சிரித்தோம் என்றேன், செவ்வாய்க்கிழமை வாந்தி எடுத்தான், அரைக் கிலோ போச்சு, நல்லதுதான்னு நான்தான் சொன்னேன், டாக்டர் கேட்டபோது இல்லீங்கன்னும் நான்தான் சொன்னேன், மதுரைக்காரன் மேல் தப்பில்லை என்றேன், கஸ்பார் அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கோட்டாட்சியர் பேனாவை மூடி வைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ திறந்து எழுதினார், சரி, இந்த விளையாட்டு வேணுமா வேண்டாமா, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டார், எனக்குத் தெரியலீங்கய்யா, வேணும்னு சொல்லத்தான் பஸ் ஏறினேன் என்றேன். ரீத்தா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள், முதுகு குலுங்கியது, என் கை அவள் பக்கம் போனது, எந்தக் கை என்று பார்த்து இழுத்துக்கொண்டேன். வெகு நேரம் கழித்து நிமிர்ந்தாள், அழுது முடித்த முகத்தில் கோபம்கூட இல்லை, ஏழு மாசம்ண்ணே என்றாள், தண்ணி குடிக்கறப்பல்லாம் நான்தான் கொன்னேன்னு நெனச்சுக் குடிச்சேன், நீங்களும் வாரா வாரம் வீட்டுக்கு வந்தீங்க, நான் குடுத்த காப்பியக் குடிச்சீங்க, எம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான போனீங்க.