சேஃப்டி ஷூவோடு ஓடுகிறவன்

பிள்ளைப்பாக்கத்தில் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கம்பெனி பஸ் கிளம்பியிருக்கும், நாய் துரத்தியிருக்கும், இல்லாவிட்டால் போலீஸ் செலக்‌ஷனுக்குப் பழகுகிறான் என்று அர்த்தம். இதில் எதுவும் இல்லாமல், நாற்பதைத் தாண்டிய ஆள், யூனிஃபார்மைக் கூடக் கழற்றாமல், முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவோடு தினமும் சாயங்காலத்தில் ஓடினால் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். பேசட்டும். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாலே மூச்சு வாங்குகிறது.

என் பெயர் திருநாவுக்கரசு. ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். கைசனுக்குப் பரிசு வாங்கியவன். கைசன் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேலை நடக்கும் இடத்தில் நின்று உற்றுப் பார்த்து, எங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்து, அதை வெட்டுவது. பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அது ரொம்ப நாள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் கிடந்தது.

என் மனைவி சாரதா, மண்ணூரில் கையுறை தைக்கும் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த வருஷம்தான் அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதினார். தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்றார். மாத்திரைக்குத் தலையாட்டிய சாரதா ஒரு மணி நேரத்துக்கு ஆட்டவில்லை.

"ஒரு மணி நேரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றாள் வெளியே வந்து.

நியாயமான கேள்வி. காலையில் இருட்டோடு எழுந்து சமைத்து, எனக்கும் அவளுக்கும் டப்பா கட்டி, ஓடிப் போய் வேன் பிடிப்பாள். சாயங்காலம் வந்தால் தெருக்குழாய், பாத்திரம், ராத்திரிச் சமையல். அவளுடைய அக்கா சந்திரம்மாளுக்கு இதே சர்க்கரையில்தான் அதற்கு முந்தின வருஷம் ஒரு காலை முட்டியோடு எடுத்தார்கள். ஊர் வரும் வரை சாரதா பஸ்ஸில் குனிந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைசன் போட்டேன். நடந்தால் ஒரு மணி நேரம். அதே தூரத்தை ஓடினால் பாதி நேரம். காலையில் கொஞ்சம் முன்னால் எழுந்தால் தீர்ந்தது விஷயம்.

"டாக்டருக்கே இது தோணல பாரு," என்றேன். சாரதா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் காலை ஏரிக்கரை ரோட்டில் அவள் ஓடினாள். சுடிதார், கான்வாஸ் ஷூ எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். லாரி போகிற ரோட்டில் பெண்பிள்ளையைத் தனியாக விட முடியுமா? பின்னாலேயே நான் டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் போனேன். லைன் ஓடும்போது லீடர் இடத்தை விட்டு நகரக் கூடாது. "கைய வீசு", "ஸ்பீடு கொறையுது சாரதா" என்று அவ்வப்போது குரல் கொடுத்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

டீக்கடை வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்த பையன்கள் அங்கே நின்றிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். உள்ளூர்க்காரன் யார், கணவன் மனைவி யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வருகிறாள். பின்னால் ஒருவன் வண்டியில் கத்திக்கொண்டே வருகிறான். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஏல, நில்லுல!" என்று குறுக்கே பாய்ந்து ஒருவன் சாவியைப் பிடுங்கினான். அவன் பெயர் சுடலை என்று பிறகு தெரிந்தது. "பொம்பளய வெரட்டிக்கிட்டு வாறியே, வெக்கமா இல்ல?"

"என் பொண்டாட்டிப்பா!"

"பொண்டாட்டின்னா வெரட்டலாமோ?"

அவன் என் காலரைப் பிடித்துக்கொண்டு சாரதா பக்கம் திரும்பினான். "யக்கா, நீங்க பயப்படாதிய. இவர ஒங்களுக்குத் தெரியுமா?"

சாரதா பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சர்க்கரை போடாமல் ஒரு டீ சொன்னாள். டீ வந்து, அதை ஆற்றி, ஒரு வாய் குடிக்கும் வரைக்கும் என் காலர் சுடலையின் கையில்தான் இருந்தது.

"தெரிஞ்சவருதான்," என்றாள்.

பிறகு நான் எல்லாவற்றையும் விளக்கினேன். டாக்டர், ஒரு மணி நேரம், கைசன். சுடலையும் ஃபேக்டரிக்காரன் என்பதால் சட்டென்று புரிந்துகொண்டான். காலரை விட்டு, கசங்கிய இடத்தை நீவிக்கூட விட்டான். "சரி அண்ணாச்சி, அக்கா ஓடுதாவ. நீங்க என்ன செய்திய?"

"நான் பாத்துக்கறேன்."

"எங்க லைன்ல ஒருத்தன் சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருந்தா, மொதல்ல அவனத்தான் வெட்டுவாவ," என்றான்.

சாரதாவுக்குப் புரை ஏறியது. சிரிப்பில்தான். எனக்கு வந்த கோபத்தில் டீக்காசைக் கொடுக்க மறந்துவிட்டேன். அதையும் அந்தப் பையன்களே கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் சாரதா சொன்னாள்: "நாளைக்கு நான் ஓடல. முட்டி கழண்டுக்கிற மாதிரி கீது. டாக்டர் நடக்கத்தான சொன்னாரு?"

"அதுக்கு நேரம்?"

"பஸ்ஸ வுட்டு எறங்கி, ஸ்டாப்பு பெஞ்சுல தாண்டவராயன் அண்ணனோட இருட்டற வரைக்கும் குந்திகினு மனை வெல பேசறீங்களே. அந்த நேரம் கீது."

நான் வண்டியின் சத்தத்தில் காது கேட்காதவன் போல இருந்துவிட்டேன். மனை விலை பேசுவது வெட்டிப்பேச்சு அல்ல. சென்ட் என்ன விலை போகிறது, மணிமங்கலம் பக்கம் யார் வளைத்துப் போடுகிறார்கள் என்பதெல்லாம் இந்த ஊரில் ஒரு மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு விற்க ஒரு சென்ட் கூடக் கிடையாது. அது வேறு விஷயம்.

அதோடு ஓட்டமும் நின்றது, நடையும் இல்லை.

ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது கரண்ட் இல்லை. அடுப்படியில் செல்போன் டார்ச்சைத் தரையில் வைத்துக்கொண்டு, சாரதா கட்டைவிரலை நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"வலிக்குதான்னு பாக்கறேன். அக்காவுக்கு மொதல்ல வலிதான் போச்சு."

"வலிக்குதா?"

மறுபடியும் அழுத்தினாள். "தெரியலியே," என்றாள்.

பயந்துபோனேன். வேறு எப்படிச் சொல்வது? கரண்ட் வந்த பிறகும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிட்டபோது தாண்டவராயன் பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டிவிட்டால் ஏரிக்கரையில் விளக்கு கிடையாது, லாரி மட்டும்தான். நான் நடந்து வீடு போய்ச் சேர்ந்தால் சாரதாவுக்கு மிச்சம் இருக்கிற வெளிச்சம் போதாது. அதனால் ஓடினேன்.

சேஃப்டி ஷூவில் ஓடிப் பார்த்தால் தெரியும். காலுக்கொரு செங்கல்லைக் கட்டிக்கொண்டது போல இருந்தது. போதாதற்கு, யூனிஃபார்மோடு ஒருவன் தலைதெறிக்க ஓடினால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "கம்பெனில ஆக்சிடென்டா? கேஸ் லீக்கா?" என்று கத்திக்கொண்டே தாண்டவராயன் பின்னால் ஓடி வந்தான். வழியில் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்திருந்த சுடலை எங்களை முந்திப் போய் என் வீட்டு வாசலில் நின்றான்.

சாரதா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. "இன்னா ஆச்சு? ஐயோ, இன்னா ஆச்சு?"

அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

"நீ... போய்... நட."

என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிப் போனாள்.

"இன்னாத்துக்குய்யா இப்படி ஓடியாந்த?" தாண்டவராயன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"சோறாக்க," என்றேன்.

எல்லோருக்கும் பெரிய ஏமாற்றம். கேஸ் லீக்காக இருந்திருந்தால் திருப்தியாகப் போயிருப்பார்கள்.

அன்று நான் வைத்த குழம்பைப் பற்றிச் சாரதா எதுவும் சொல்லவில்லை. நல்ல மனசு. அவள் நடந்து வரும் வரை சோறு ஆறாமல் இருக்க ஹாட்பாக்ஸைப் பரணிலிருந்து இறக்கினோம். இப்போது பஸ் ஹாரன் கேட்டதும் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். நான் ஓடி வர, பிள்ளையார் கோயில் முனையில் சந்திப்போம். ஷிஃப்ட் மாறும்போது லைனில் சொல்லிவிட்டுப் போவது போல, சாவியைக் கையில் வைத்து, பாக்கி வேலையைச் சொல்வாள்: "பருப்பு ஊறிகினு கீது. கொடம் கொழாயாண்ட வரிசையில கீது. கொழம்புல உப்பு போட்டாச்சு, மறுபடி போடாதீங்க."

போன வாரம் அதே முனையில் அவள் லேசாக நொண்டிக்கொண்டு வந்தாள். எனக்குப் பகீரென்றது. "காலுக்கு இன்னா?"

"வாசப்படியில இடிச்சிக்கினேன். கட்டவெரல்," என்றாள். சொல்லும்போது வாயெல்லாம் சிரிப்பு. "வலிக்குது. நல்லா வலிக்குது."

சாவியைக் கொடுத்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குடம் ஞாபகம் வந்து ஓடினேன்.