தானே எழுதிய நற்சான்று

மாலைக்குள் நற்சான்றுக் கடிதம் போய்ச் சேராவிட்டால் புது வேலை கைநழுவிவிடும். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ராஜினாமாவை நீட்டிவிட்டு நின்றவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டாக்டரம்மா, கூடவே ஒரு லெட்டரும்..."

"போறது நீ, புகழ்றது நானா? நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

தன்னைப் பற்றி எழுத அவளுக்குக் கை வரவில்லை. நான்கு தாள்களைக் கிழித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில், தினமும் பரிசோதனை முடிவு எழுதும் பழக்கத்திலேயே எழுதிக் கொடுத்தாள்: 'கவனம்: இயல்பான அளவு. பொறுமை: இயல்பான அளவு.'

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, இதப் பாத்தா வேலை குடுப்பாங்களா, மாத்திரை குடுப்பாங்களா?"

பிறகு இரண்டையும் அடித்துவிட்டு 'இயல்பைவிட மிக அதிகம்' என்று எழுதினார். அதன் கீழே, 'மறுபரிசோதனை தேவையில்லை' என்று சேர்த்துக் கையெழுத்திட்டார்.