பாப்பாவைப் பற்றிக் கேட்டவள்

ஷரீஃபாவின் கார் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் முனையில் வந்து நின்றதை முதலில் பார்த்தவன் நீலாவதியின் புருஷன் சிவசாமிதான். மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தவன், அவள் இறங்குவதற்குள் எதிரே போய் நின்றுகொண்டான்.

"இன்னும் என்னா மிஸி கேக்கப் போறீங்க? வேணாம்லா. அவ இப்பதான் சோறு திங்க ஆரம்பிச்சிருக்கா."

"உள்ள வரச் சொல்லுங்க" என்றது வீட்டுக்குள்ளிருந்து நீலாவதியின் குரல்.

ஷரீஃபா தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகள், தாதி; லயத்தில் எல்லோருக்கும் 'மிஸி'. கர்ப்பிணிகளுக்கு ஏன் ரத்தம் குறைகிறது, ஆஸ்பத்திரியில் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்னென்ன ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள் என்று ஆராயும் ஒரு குழுவுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய் வருகிறாள். நீலாவதியின் விரலில் குத்தி ரத்தம் பார்த்தவளும் அவள்தான். "ரொம்பக் கம்மியா இருக்குக்கா. கிளினிக்ல கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைய ஒருநாளும் விட்டுடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். நீலாவதி விடவில்லை. குமட்டியது, வயிறு கல்லாய் இறுகியது, கொழுந்து வெட்டும் மிஷினைப் பிடித்துக்கொண்டு சரிவில் நிற்கையில் கண் இருட்டியது. கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கித் தங்கிய பிள்ளை. அதற்காக எதையும் விழுங்கத் தயாராக இருந்தாள்.

பிள்ளை மாதம் நிறையுமுன்பே பிறந்துவிட்டது. பெண். நீலாவதிக்குப் போன ரத்தம் நிற்கவில்லை. பை பையாக ஏற்றினார்கள். நினைவு வருவதும் போவதுமாக அவள் ஒரு வார்டில் கிடந்தாள். குழந்தை வேறொரு மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், காய்ச்சலோடு கிடந்தது. ஒரு மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. மாற்றினார்கள். அதற்கும் கிருமி மசியவில்லை. அடுத்த மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துபோயிற்று.

அவள் வீடு திரும்பியபோது, தொட்டில் கட்டுவதற்காக மாட்டியிருந்த ஸ்பிரிங்கைக்கூட நாத்தனார் ஜெயா கழற்றி எங்கோ வைத்துவிட்டிருந்தாள். லயத்தில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். சுறா புட்டு கொண்டுவந்தார்கள், துணி துவைத்துக் கொடுத்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினார்கள். பாப்பா என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை, சிவசாமி உட்பட. எல்லாம் கனவோ என்றுகூடச் சில சமயம் நீலாவதிக்குத் தோன்றும். அப்போது மாரில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். அந்த வலி ஒன்றுதான் அவளுக்குச் சாட்சி.

ஷரீஃபா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "எந்த எடத்துல வேணாம்னு தோணுதோ சொல்லுங்கக்கா. நிறுத்திடலாம்."

"கேளுங்க மிஸி."

"பாப்பா பொறந்ததும் அழுதுச்சாக்கா?"

நீலாவதி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். எத்தனையோ நாளாகத் தண்ணீர் காணாதவள் குடிப்பதுபோல அந்தச் சொல்லை உள்ளே வாங்கிக்கொண்டாள்.

"அழுதுச்சு. பூனக்குட்டி மாதிரி. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

ஷரீஃபா அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு, "மாத்திரைய எதோட சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

நீலாவதியின் கண் வாசல் பக்கம் போய் வந்தது. தினமும் காலையில் தொழிற்சாலைக்குக் கிளம்புமுன் சிவசாமி தேயிலை போட்டுத் தேத்தண்ணி கலக்கி, ஆற்றி, மாத்திரையோடு நீட்டுவான். வெறும் தண்ணீரில் அவளால் விழுங்க முடியாது என்று அவனாகக் கண்டுபிடித்த வழி அது. தேத்தண்ணி இரும்புச்சத்தைச் சேரவிடாது என்று பக்கத்துக் கட்டில்காரி வார்டில் சொன்னபோதுதான் நீலாவதிக்கே தெரிந்தது.

"வெந்நீர்ல" என்றாள்.

"பொய் சொல்றா மிஸி." சிவசாமி வாசலில் நின்றிருந்தான். "தேத்தண்ணி. நாந்தான் தெனம் கலக்கிக் கொடுத்தேன். ஏன், அது ஆகாதா?"

ஷரீஃபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தேத்தண்ணியோட குடிச்சா சத்து கொஞ்சம் கம்மியாத்தான் சேரும்ணே. ஆனா பாப்பாவுக்கு வந்தது மருந்துக்கே அடங்காத கிருமி. இதனாலதான் அப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது."

"இதனால இல்லன்னு சொல்ல முடியுமா மிஸி?"

ஷரீஃபா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது நீலாவதியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கார்ச் சத்தம் ரிங்லெட் ஊர்ப் பக்கம் இறங்கித் தேய்ந்தது. சிவசாமி நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"ஒனக்கு முன்னயே தெரியும்."

"ம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

நீலாவதி எழுந்து வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் பாப்பாவ சரியாவே பாக்கலைங்க. கடைசி வரைக்கும் நீங்கதான கூட இருந்தீங்க. கையி எப்படி இருந்துச்சு?"

அவன் தன் ஆள்காட்டி விரலை அவள் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினான்.

"இப்படித்தான் புடிச்சிக்கிச்சு" என்றான். "இன்னும் கொஞ்சம் இறுக்கமா."

வெளியே மலைச்சரிவில் பனி இறங்கி, தேயிலை வரிசைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. நீலாவதி இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.