தட்டுகிற ரோலர்

தெல்தோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் 'அரைப்பேர்' பாட்டுக் குழுவை மேடையிலிருந்து இறக்கிவிட்டபோது அதற்கு வயது மூன்று மாதம். சினிமாப் பாட்டு வரும் என்று பாயோடு வந்து உட்கார்ந்த சனத்துக்கு முன்னால் பல்லேகல தையல் ஆலையின் இரும்புச் சத்தத்தைப் பதிவு செய்து வந்து போட்டு ஆடச் சொன்னால் யார் விடுவார்கள்? போதாததற்குக் குழுவின் பாட்டுக்காரி நதா தோட்டத்துத் துரைமாரைப் போலத் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, விடிகாலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற மாதிரி மேடையிலேயே பெரட்டுக் கூப்பிட்டாள். ஆடாதவர்களுக்கெல்லாம் அரைப்பேர்தான் என்று அறிவித்தாள். கொழுந்து நிறை குறைந்தால் பாதி நாள் கூலி போடுகிற அந்தச் சொல்லைக் கேட்டதும் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து போனார்கள். பின்வரிசைப் பெண்கள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் மூன்று பேரும் ஆறு வருஷம் ஓட்டினார்கள். மோகனராஜ் பல்லேகலவில் தையல் மெசின் திருத்துகிறவன். சத்தம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் குழுவில் அவன் பொறுப்பு. இப்திகாருக்குப் பிலிமத்தலாவையில் ஒலிபெருக்கி வாடகைக் கடை. நதா பாடுவாள், பாதிப் பாட்டில் ஏசுவாள். மண்டபக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள், ஒரு தடவை பொலிஸும் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாங்கிய வசவையெல்லாம் அடுத்த பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் கண்டியில் பெயர் சொன்னால் தெரிகிற அளவுக்கு அவர்களைத் தூக்கிவிட்டது ஒரே ஒரு பாட்டு. அதற்குத் 'தட்டு' என்று பெயர். இளசுகள் பைத்தியம் பிடித்த மாதிரி அதற்கு ஆடின.

அந்தத் தட்டு, மோகனராஜின் அப்பா பொன்னையா வேலை செய்த தேயிலைப் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் போட்ட சத்தம். அவன் லீவில் போயிருந்தபோது பொன்னையாதான் உள்ளே கூட்டிப்போனார். மெசின் இரண்டு கிழமையாகத் தட்டுகிறது, சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, நீயாவது என்னவென்று பார் என்றார். பார்க்கப் போனவன் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டான். தேய்ந்த இரும்பு சுற்றுக்கு ஒரு தரம் போட்ட அடி, ஆறு வருஷமாக அவன் தேடிய தாளம். போனை நீட்டிப் பதிவு செய்தான். மெசினை நிறுத்தப் போன அப்பாவைத் தடுத்தான். தடுத்த பேச்சும் பதிவில் விழுந்துவிட்டது.

பாட்டு வெளிவந்த பத்தாம் நாள் அதே ரோலர் பொன்னையாவின் கையை இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர் என்று நிர்வாகம் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தது. இருபது வருஷமாகப் போத்தலையே தொடாத மனுஷன்! அம்மா பாப்பம்மா, புருஷனின் சாவைக்கூட விதியென்று விழுங்கினாள், அந்த வரியை அவளால் விழுங்க முடியவில்லை. "செத்தவர குடிகாரராக்கிட்டாங்களே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

மெசின் முன்னமே பழுது என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி அந்தப் பதிவுதான். கண்டித் தொழில் திணைக்களத்தில் அந்தச் சாவை விசாரிக்க நாள் குறித்ததும் மூவரும் இப்திகாரின் கடையில் கூடினார்கள்.

"மச்சான், ஒன்ட சத்தத்த மட்டும் வெட்டிட்டுக் குடு," என்றான் இப்திகார். "ஒனக்கு ரெண்டு நிமிஷ வேலதானே."

நதா தலையை ஆட்டினாள். "வெட்டுனது தெரிஞ்சா எல்லாமே பொய்யின்னுருவானுங்க. அப்புறம் அவரு குடிகாரராவே போயிருவாரு."

நாலு நாள் மோகனராஜ் அந்தப் பதிவைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கே வெட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதிகாரிக்கு அவன் பயப்படவில்லை. மெசின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லுகிற மெக்கானிக் அவன். பெற்ற தகப்பன் பக்கத்தில் நிற்க, கேட்டும் வாய் திறக்காமல் இருந்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பயம் அதற்குத்தான். 'தட்டு' பாட்டை எங்கெல்லாம் ஏற்றியிருந்தானோ அங்கெல்லாம் அழித்தான். அத்தோடு 'அரைப்பேர்' முடிந்தது என்பது மூவருக்குமே புரிந்தது. பதிவில் மட்டும் கை வைக்கவில்லை.

விசாரணை அறையில் அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவன் போனை மேசைமேல் வைத்து ஓடவிட்டான். ரோலர் தட்டியது. அதற்கு மேலாகப் பொன்னையாவின் குரல் வந்தது.

"கேக்குதா தம்பி? சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், பாத்துக்கலாங்குறாங்க. நிப்பாட்டவா?"

"வேணாம்ப்பா, ஓடட்டும். நல்லாருக்கு."

இரண்டாவது குரல் யாருடையது என்று அதிகாரி கேட்டார்.

"என்னோடதுங்க சேர்."

அதிகாரி அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். நிர்வாகத்தின் ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதிகாரி கையமர்த்தினார். குடித்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார், அந்த ஆளிடம் எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் குடித்திருந்தார் என்ற வரி அடிபட்டது. மெசின் பழுது என்று தெரிந்தே ஓட்டினார்கள் என்று பதிவாயிற்று.

வெளியே படிக்கட்டில் பாப்பம்மா உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனைக் காட்டினாள்.

"ஒங்கப்பா பேசுறது வரைக்கும் போடு. ஒன் சத்தம் எனக்கு வேணாம்."

போட்டான். நிறுத்தினான். மறுபடியும் போடச் சொன்னாள், போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு புருஷனின் குரலைக் கேட்டாள். நாலாவது தடவை அவன் விரல் பிந்திவிட்டது.

"வேணாம்ப்பா, ஓடட்டும்," என்றது போன்.

பாப்பம்மா எழுந்தாள். அவனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.