அத்மானின் கழுதை நின்ற கதவு

எங்கள் வீட்டுக்கு வேண்டிய வலது கதவின் மேல் அத்மானின் கழுதை நின்றுகொண்டிருந்தது.

வீட்டைப் புதுப்பிக்கும்போது, கரையான் தின்ற வலது கதவைக் கழற்றிவிட்டு பிளைவுட்டில் ஒன்று மாட்டினேன். அன்றைக்கே என் மனைவி ம்வானாஹெரி பக்கத்து ஊரான ஷேலாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

“நான் மணப்பொண்ணா நுழைஞ்சது ரெட்டைக் கதவு வழியா. இடது கதவுக்கு ஏத்த பழைய ஜோடி நம்ம லாமு தீவுலயே கிடைச்சா ஆள் அனுப்புங்க. மொம்பாசாவுல புகை போட்டுப் பழசாக்குன கதவுன்னா, நீங்களே குடியிருங்க.”

இடது கதவின் அளவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தேன். மீன்காரர் தன் வெட்டுப்பலகையைத் திருப்பிக் காட்டினார். பின்புறம் எங்கள் இடது கதவில் இருக்கும் அதே பூ வேலை; ஆனால் ஒரு சாண் குறைவு. இருவரும் சற்று நேரம் வருந்தினோம். கடைசியில் அத்மானின் கொட்டகை. சேற்றின் மேல் போட்டிருந்த பலகையில், குளம்புகளுக்கு நடுவே பித்தளைக் குமிழ்கள் மின்னின. அளந்தேன். முடிச்சு பிசகவில்லை.

“தாராளமா எடுத்துக்கோ, கொம்போ. ஆனா அவன் இறங்கணுமே!”

“எத்தனை வருஷமாப்பா நிக்கிறான்?”

“அவங்கம்மா காலத்துலேர்ந்து.”

புல் கொடுத்தேன், மாம்பழம் கொடுத்தேன். நின்றபடியே தின்றது. வேறு வழியில்லாமல் நான்கு பேர் கதவைக் கழுதையோடு தூக்கினார்கள். சந்துகளில் ஜனங்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். என் வாசல் வந்ததும் அது தானாகவே இறங்கி, வீட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தது. நீங்கள் நம்ப வேண்டியதில்லை. தூக்கியவர்களில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள்.

ம்வானாஹெரி வந்து இரண்டு கதவுகளையும் சாத்தினாள். நடுவில் விரலை ஓட்டினாள். “சேருது,” என்றாள். அன்று தேங்காய்ப்பால் சோறும் மீனும்.

மறுநாள் விடிந்ததும் கதவில் மூன்று தட்டு. எங்கள் ஊரில் மூன்று முறை தட்டிக் கேட்டும் பதில் இல்லையென்றால் வந்தவர் திரும்பிப் போய்விட வேண்டும். நான் பேசாமலிருந்தேன். குளம்புச் சத்தம் மெதுவாகச் சந்தில் தேய்ந்தது.

“வாசலுக்கு வந்தவங்கள இப்பிடியா அனுப்புவாங்க? ஊரு என்ன சொல்லும்?”

“அது கழுதை, ம்வானாஹெரி.”

“மூணு தடவை கேட்டுச்சுல்ல? உங்க தம்பி என்னைக்காவது கேட்டுட்டு வந்திருக்காரா?”

அதற்கடுத்த நாள் மூன்றாவது தட்டு முடியுமுன் அவளே, “உள்ள வாங்க!” என்று குரல் கொடுத்துக் கதவைத் திறந்தாள். கழுதை முற்றத்துக்கு வந்து, புதிய சுண்ணாம்புத் தரையில் நிற்க இடம் தெரியாமல் விழித்தது. அவள் மூலையில் கிடந்த பிளைவுட் கதவை இழுத்து வந்து அதன் முன்னால் போட்டாள். அது முகர்ந்து பார்த்தது. ஒரு காலை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்ற மூன்றைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றது.