ஏழாம் எண் கூடு

மூன்று முட்டைகளும் குழியில்தான் இருந்தன. ஆனால் கூர்முனைகள் வெளியே பார்த்துக் கிடந்தன.

அவள் குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டாள். உப்புக்கொத்திப் பறவை அப்படி வைக்காது. மூன்று பேர் தலைகளைச் சேர்த்து ரகசியம் பேசுவதுபோல, கூர்முனைகளை எப்போதும் உள்ளே குவித்துத்தான் வைக்கும். அந்தச் சின்ன உடம்பு மூன்றையும் மூடி அடைகாக்க வேறு வழியில்லை. நான்கு வருடமாக இந்தக் கடற்கரையில் கூடுகளை எண்ணிக்கொண்டிருப்பவள் இப்படி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாய் வந்தால் தின்றுவிடும். காகம் வந்தால் கொத்திவிடும். காற்று மணலைத் தள்ளுமே தவிர முட்டையைத் திருப்பி வைக்காது. எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற பழக்கம் மனிதக் கைக்கு மட்டும்தான் உண்டு.

புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அப்படியானால் சற்று முன்னால்தான். சுற்றிலும் பார்த்தாள். காலை ஏழு மணிக் கடற்கரை வெறிச்சென்று கிடந்தது. கால்தடம் இல்லை. யாரோ கிளையை வைத்துக் கூட்டிவிட்டுப் போனதுபோல் ஓரிடத்தில் மணல் வரிவரியாக இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்துவிட்ட கண்ணுக்குக் காற்றும் கையில் துடைப்பத்தோடுதான் தெரிகிறது.

கூட்டுக்குப் பக்கத்தில் அடையாளம் நடக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். குச்சி நட்டால் காகம் கற்றுக்கொள்ளும், பிறகு குச்சி குச்சியாகத் தேடி வந்து தின்னும். அதனால் அவள் கூட்டிலிருந்து தெற்கே பத்து எட்டு நடந்து ஒரு சிப்பியைக் கவிழ்த்து வைப்பாள். கடற்கரை முழுக்கச் சிப்பிகள். எந்தச் சிப்பி, எந்தப் பக்கம், எத்தனை எட்டு என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி, போன வாரம் ஒரு சாயங்காலம் பொழுது போகவில்லையென்று கூடவே நடந்து வந்த அவளுடைய அக்கா.

அறுபது எட்டு தள்ளிப் போய்ப் புல் மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பறவை வந்தால் கூடு உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் இல்லை. இதைவிடச் சுருக்கமான கணக்கு இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் நாற்பது வீடுகள் இருந்தன. வடக்கிலிருந்து கட்டிக்கொண்டே வந்த கல் சுவர் அக்காவின் தெருவுக்குச் சற்று முன்னால் நின்றுபோயிருந்தது. உயிருள்ள கூடு ஒன்று இருநூறு மீட்டருக்குள் இருந்தால் பொக்லைன் அசையக்கூடாது என்பது விதி. உப்புக்கொத்திகளில் இந்த இனம் உலகத்திலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. மற்ற ஆறு கூடுகளும் பொரிந்தோ பறிபோயோ முடிந்துவிட்டன. ஏழாவது பொரிய இன்னும் பதினாறு நாள். அமாவாசைப் பேரலைக்குப் பன்னிரண்டு நாள். மீதிச் சுவருக்கு எட்டு நாள் போதும் என்று இன்ஜினியர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மூன்று எண்களையும் தெருவில் பால் ஊற்றுகிறவர்கூட மனப்பாடமாகச் சொல்வார்.

பறவை வந்தது. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. குழியின் விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்தது. பிறகு ஏறி உட்கார்ந்து, உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்து, வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டது. அவளுக்கு நிம்மதி வந்தது. அது முழுதாக வந்து சேர்வதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

தெருமுனையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தவள், "என்ன முட்டை மேடம், இன்னிக்கு ஆம்லெட்டா, அவிச்சதா?" என்றாள். வழக்கமான கேலிதான். மற்ற நாட்களில் அவளும் ஏதாவது திருப்பிச் சொல்வாள். இன்று அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முகத்தையே பார்த்தாள். குழாயடிக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அக்கா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"உள்ள போ. டீ போடுறேன்."

குருவி எப்படி இருக்கு, பிரசவம் ஆச்சா என்று எப்போதும் ஒரு குத்தல் வரும். இன்று அது வரவில்லை. வராததை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் எல்லாமே செங்கல் மேல் நின்றன. கட்டிலின் நான்கு காலுக்கும் மூன்று மூன்று செங்கல். குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு சிமெண்ட் மேடை. சான்றிதழ்களும் மாமாவின் மருத்துவச் சீட்டுகளும் பிளாஸ்டிக் பையில் கூரைக் கம்பியிலிருந்து தொங்கின. சுவரில் மார்பளவுக்குப் பழுப்பாக ஒரு கோடு. போன வருடம் தண்ணீர் நின்ற உயரம். அதன் மேல் வெள்ளையடிக்க அக்கா விடவில்லை. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன மாமாவை அன்று மேசைமேல் ஏற்றி உட்காரவைத்து, அவர் சரிந்துவிடாமல் ஒன்பது மணி நேரம் தண்ணீருக்குள் நின்றபடி பிடித்துக்கொண்டிருந்தாள் அக்கா. தங்கை படகோடு வந்து சேர்ந்தபோது அக்காவின் விரல்களை அவர் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்த மாமா கேட்டார். "என்ன மேடம், உங்க ஆளு வீட்ட காலி பண்ணிட்டாரா?"

"இன்னும் பதினாறு நாள் ஆகும் மாமா."

"குடுத்து வச்சவரு. அவருக்குக் கெடு சொல்ல ஆபீஸே இருக்கு. நமக்குக் கடல் சொல்லிட்டா வருது?" வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். அவருக்கு இவள்மேல் கோபம் இருக்கிறதா என்று ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாதி முகத்தில் படிக்க முடிவதில்லை.

சமையலறையில் அக்கா அடுப்புக்கு முன்னால் முதுகு காட்டி நின்றாள்.

"காலைல எங்க போயிருந்தே?"

"எங்க போவேன். இங்கதான்."

"முட்டை திரும்பியிருக்கு அக்கா."

அக்கா அடுப்பைக் குறைத்தாள். "காத்தா இருக்கும்."

"காத்து முட்டையத் திருப்பாது."

"எல்லாம் உனக்குத் தெரியும்." பால் பொங்கி அடங்கியது. "அப்ப இதையும் சொல்லு. அன்னிக்கு ஏன்டி மூணு தடவ அளந்தே?"

அக்கா கூட நடந்து வந்த அந்தச் சாயங்காலம் அவள் கல் சுவரின் கடைசிக் கல்லில் ஒரு புள்ளி, கூட்டில் ஒரு புள்ளி என்று ஜிபிஎஸ் கருவியில் குறித்தாள். இருநூற்று நான்கு என்று காட்டியது. வானம் மூடியிருந்தது. அப்படியான நாட்களில் கருவி முன்னே பின்னே காட்டுவது உண்டு. மறுபடி குறித்தாள். இருநூற்று இரண்டு. மூன்றாவது முறை நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதை எழுதிக்கொண்டு கருவியை அணைத்துவிட்டாள். கருவி பொய் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நிறுத்திக்கொண்ட இடம் மட்டும்தான் அவளுடையது. நான்காவது முறை ஏன் அளக்கவில்லை என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டாயிற்று. பறவைக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஆறு கூடுகள் போனபிறகு ஏழாவதையாவது காப்பாற்றினேன் என்று சொல்ல தனக்கொரு வாக்கியம் வேண்டியிருந்ததோ என்ற எண்ணமும் உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்தது. அப்போது அக்கா பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தது கடலை இல்லை போலிருக்கிறது.

"உடைக்கணும்னு போகல," என்றாள் அக்கா. இப்போதும் முகம் காட்டவில்லை. "உடைக்கணும்னா ஒரு மிதி போதும். உன் கணக்க சரி பண்ணத்தான் போனேன். சுவரவிட்டு இன்னும் பத்து எட்டு தள்ளி கரண்டியால ஒரு குழி பறிச்சு, மூணையும் எடுத்துட்டுப் போயி வச்சேன். அப்புறம் தள்ளிப் போயி உக்காந்து பாத்தேன். அது வந்துச்சு. முட்டை பக்கத்துலதான் கிடக்கு. பாக்குது. பாத்துட்டு, பழைய குழிக்கே போயி உக்காருது. வெறும் குழிடி. அதுல ஆட்டி ஆட்டி சரி பண்ணிக்கிட்டு உக்காருது."

டீயை வடிகட்டியபோது பாதி வெளியே சிந்தியது. துடைத்தாள்.

"எனக்கு அங்க உக்கார முடியல. நானே எடுத்துட்டு வந்து வச்சிட்டேன்."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். அக்கா சொன்னது உண்மையாக இருக்கலாம். கேட்பவளுக்கு உண்மையாகப் படும்படி சொல்லவும் அக்காவுக்குத் தெரியும். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, அம்மா வருவதற்குள் முதலில் அழத்தொடங்கியவள் அக்காதான். அந்த அழுகை அன்று நிஜமாகத்தான் இருந்தது. ஜாடியை உடைத்ததும் அவள்தான். முட்டை பக்கத்தில் கிடக்கும்போது வெறும் குழியில் போய் உட்காருவதைப் பறவை செய்யுமா? படித்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து சரிபார்த்தாள். செய்யும். சில சமயம் அப்படித்தான் செய்யும். தன் அக்கா சொன்னதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

போன் அடித்தது. இன்ஜினியர்.

"மேடம், ஒரு பெட்டிஷன் வந்திருக்கு. ஏழாம் நம்பர் கூடு எல்லைக்கு வெளிய இருக்காம். கருவிய நம்பி நாம அடிச்சிக்க வேண்டாம். நாளைக்குக் காலைல டேப் போட்டே அளந்துடலாம். தெரு சார்பா ஒருத்தர் சாட்சிக்கு இருக்கட்டும்."

"யார் எழுதினது சார்?"

"பேர் இல்ல. ஆனா எழுத்து முத்து முத்தா இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் வாங்கிப் பாத்தாங்க." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் அவள் எதையோ தேடினாள். சுவர் கட்டும் ஒப்பந்தக்காரரின் வண்டியில்தான் தினமும் வந்து இறங்குகிறார்.

போனை வைத்ததும், "யாரு?" என்றாள் அக்கா. கொஞ்சம் சீக்கிரமாகவே கேட்டதுபோல் இருந்தது. தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுதவேண்டுமானாலும் அக்காவிடம்தான் வருவார்கள்.

"நீயா எழுதினே?"

அக்கா முதல்முறையாகத் திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். "நான் எழுதியிருந்தா பேர் போட்டிருப்பேன்."

நாளைக்கு டேப் போட்டு அளக்கப்போவதை இவள் சொன்னாள். உள்ளே மாமா இருமினார்.

"நாளைக்கு டேப் இருநூத்தி ரெண்டுன்னு சொன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டாள் அக்கா.

"எழுதுவேன்."

"எழுதுவியா?"

அது கேள்வியாக இல்லை.

மறுநாள் தெருவே கல் சுவருக்குப் பின்னால் வந்து நின்றது. சாட்சிக்கு அக்காவையே அனுப்பியிருந்தார்கள். முட்டை மேடத்தோட அக்காவையா என்று சிலர் முணுமுணுத்தார்களாம். அவள் வீட்டில்தானே முதலில் தண்ணீர் ஏறும் என்று மற்றவர்கள் வாயை அடைத்தார்களாம். இரண்டு காரணமும் ஒரே ஆளுக்குப் பொருந்தியது. இன்ஜினியரோடு வரவேண்டிய உதவியாளர் காய்ச்சலென்று வரவில்லை. "அப்ப நீங்களே ஒரு முனையப் பிடிங்கம்மா," என்று அக்காவிடம் டேப்பின் நுனியைக் கொடுத்தார்.

அது ஐம்பது மீட்டர் துணி டேப். கடைசிக் கல்லிலிருந்து முதல் ஐம்பது. முளை அடித்து அங்கிருந்து அடுத்தது. அதன் பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் அக்கா முளையடியில் குத்துக்காலிட்டு நுனியைப் பிடித்துக்கொள்ள, இவள் மறுமுனையோடு நடந்தாள். காற்று பக்கவாட்டில் அடித்தது. நான்காவது முறை இவள் நெருங்கியபோது பறவை குழியை விட்டிறங்கிக் கொஞ்ச தூரம் ஓடி, திரும்பி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து, முட்டைகளில் பட்டுவிடாமல் டேப்பைக் குழிக்கு மேலே பிடித்தாள். ஐம்பது என்ற சிவப்பு எண் முட்டைகளுக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது. விறைப்பாக இழுபட்டால் அது குழியைத் தாண்டிப் போயிற்று. கூடு எல்லைக்கு உள்ளே. கொஞ்சம் தளர்ந்தால் குழிக்கு இந்தப் பக்கமே நின்றது. கூடு வெளியே. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்.

இன்ஜினியர் பேனாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து குனிந்தார். "அசையுதே மேடம். அவங்கள சரியா இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது மீட்டருக்கு அப்பால் அக்கா தலை குனிந்து இரண்டு கைகளாலும் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு பறந்து முகத்தை மூடியிருந்தது. அவளுக்குப் பின்னால் கல் சுவர். அதற்கும் பின்னால் சின்னச் சின்னதாகத் தலைகள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் கூப்பிடவில்லை. உள்ளங்கையை மூடி டேப்பைப் பற்றிக்கொண்டாள். அதன் வழியே ஓர் இழுப்பு வந்தது. பிறகு விட்டது. மறுபடி, முன்பைவிட மெல்ல, ஓர் இழுப்பு. அது காற்றா, அக்காவின் கையா, தன் கையேதானா என்று தெரியாமல் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். மணலுக்கு ஒரு முழம் மேலே அந்த மஞ்சள் துணி ஐம்பது மீட்டர் நீளத்துக்கும் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.